சிறிய விமானத்தில் செயற்கைக்கோள் வழிகாட்டி: எதுவரை நம்பலாம்?

பொறியியல், மருத்துவம் என்று மட்டுமே யோசித்துவந்த நம் குடும்பங்களில் இப்போது விமானி ஆகும் ஆசையும் நுழைந்திருக்கிறது. மேல்நிலைப் பள்ளியை முடித்த கையோடு பிள்ளைகள் விமானப் பயிற்சிப் பள்ளிக்கு விண்ணப்பம் போடுகிறார்கள். அங்கே அவர்கள் முதலில் ஏறுவது பெரிய ஜெட் விமானத்தில் அல்ல. செஸ்னா, பைப்பர், டயமண்ட் போன்ற, இரண்டு முதல் நான்கு பேர் உட்காரும் சிறிய விமானத்தில்தான்.

அந்த விமானத்தின் முகப்புப் பலகையில் பெரும்பாலும் ஒரு ஜி.பி.எஸ். திரை இருக்கும். அதன் பக்கத்தில், 'கண்பார்வை விதிப்படி பறப்பதற்கு மட்டும்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு சின்னத் தகடு ஒட்டியிருப்பதும் உண்டு. தகடு இல்லாவிட்டால், விமானத்தின் கையேட்டில் அந்தக் கருவிக்கென்று சில பக்கங்கள் சேர்க்கப்பட்டு, அதில் 'வரம்புகள்' என்ற பகுதி இருக்கும்.

'கையிலிருக்கும் செல்போனே சந்து பொந்தெல்லாம் சொல்கிறதே, லட்சக்கணக்கில் விலையுள்ள விமானக் கருவிக்கு எதற்கு இத்தனை வரம்பு?' என்று பெற்றோர் கேட்பது நியாயமே. காரில் வழி தப்பினால் அரை மணி நேரம் வீண். மேகத்துக்குள் வழி தப்பினால் எதிரே மலை இருக்கலாம். இந்த வேறுபாட்டிலிருந்துதான் எல்லா வரம்புகளும் பிறக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நான்கு கோள்கள் எதற்கு?

ஜி.பி.எஸ். அமெரிக்காவுக்குச் சொந்தமான அமைப்பு. 24 செயற்கைக்கோள்கள் என்பது அதன் அடிப்படைத் திட்டம். இப்போது சுமார் 30 இயங்குகின்றன. பூமிக்கு மேலே ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிவருகின்றன. ஒவ்வொன்றிலும் அணுக்கடிகாரம் உண்டு. 'நான் இந்த இடத்தில் இருக்கிறேன், இப்போது மணி இது' என்று அவை ஓயாமல் ஒலிபரப்பிக்கொண்டே இருக்கும். அந்தச் செய்தி வந்துசேர எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதை நம் ரிசீவர் அளந்து, அதை வைத்துத் தூரத்தைக் கணக்கிடுகிறது.

ரேடியோ அலை விநாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் ஓடும். ஆகவே நேரத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு விநாடி பிசகினாலும் தூரத்தில் 300 மீட்டர் பிசகிவிடும். விமானத்தில் இருப்பது சாதாரணக் கடிகாரம். அதன் பிழையையும் கண்டுபிடித்தாக வேண்டும். அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், கடிகாரப் பிழை என்று தெரியாதவை நான்கு. எனவே குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் தேவை.

இது முதலில் ராணுவத்துக்காக உருவானது. 1983 செப்டம்பர் 1 அன்று கொரிய விமானம் ஒன்று வழி தவறி சோவியத் எல்லைக்குள் நுழைந்து, சுட்டு வீழ்த்தப்பட்டு 269 பேர் மாண்டார்கள். அதற்குப் பிறகுதான், ஜி.பி.எஸ். தயாரானதும் சிவில் விமானங்களும் அதைப் பயன்படுத்தலாம் என்று அதிபர் ரீகனின் அரசு அறிவித்தது. 1995-ல் அமைப்பு முழு அளவில் இயங்குவதாக அறிவிக்கப்பட்டது. ஆனால் பொதுமக்களுக்கான அலையில் வேண்டுமென்றே சிறிது பிழை கலந்திருந்தார்கள். சுமார் 100 மீட்டர் வரை தவறு வரும். 2000 மே மாதத்தில் அதை நிறுத்தினார்கள். அதன் பிறகு திறந்த வெளியில் சில மீட்டர் துல்லியம் எல்லாருக்கும் கிடைக்கத் தொடங்கியது.

துல்லியம் வேறு, நாணயம் வேறு

சில மீட்டர் துல்லியம் இருந்தால் போதாதா? இங்கேதான் விமானத் துறை இன்னொரு கேள்வி கேட்கிறது: 'கருவி தவறு செய்யும்போது, தவறு செய்கிறேன் என்று அது சொல்லுமா?'

வீட்டுச் சுவர்க்கடிகாரம் நின்றுபோனால் நமக்கு உடனே தெரிந்துவிடும். பக்கத்து வீட்டில் மணி கேட்டுக்கொள்வோம். அதுவே இருபது நிமிடம் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தால்? நிம்மதியாகக் காபி குடித்துவிட்டு ஸ்டேஷனுக்குப் போய், ஜி.டி. எக்ஸ்பிரஸின் கடைசிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நிற்போம். ஓடாத கடிகாரத்தைவிடப் பொய் சொல்லும் கடிகாரம் ஆபத்தானது. கருவியின் இந்த நாணயத்தைத்தான் விமானத் துறையில் 'இன்டெக்ரிட்டி' என்கிறார்கள்.

விமான நிலையத்தில் ஓடுபாதைக்கு வழிகாட்டும் ஐ.எல்.எஸ். வானொலிக் கருவியைக் கவனிக்கவென்றே ஒரு கண்காணிப்புக் கருவி தரையில் உண்டு. அலை கோணினால் சில விநாடிகளில் அதை நிறுத்திவிடும். விமானி 'கருவி இல்லை' என்று தெரிந்துகொள்வார். ஜி.பி.எஸ். கோளில் கோளாறு வந்தால் தரையிலிருப்பவர்கள் கவனித்து, கட்டளை அனுப்பி, அது சரியில்லை என்று அறிவிக்க நேரம் பிடிக்கும். 2004 ஜனவரி 1 அன்று ஒரு கோளின் கடிகாரம் கெட்டது. அது நீக்கப்படும்வரை கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் தவறான தகவலை அனுப்பிக்கொண்டிருந்தது.

இதற்காகத்தான் விமானத்துக்கென்று அங்கீகரிக்கப்பட்ட ரிசீவரில் 'ரெய்ம்' என்ற சோதனை உள்ளேயே இருக்கிறது. நான்கு கோள்கள் இருந்தால் இடம் தெரியும். ஒத்துப் பார்க்க ஆள் கிடையாது. ஐந்தாவது ஒன்று இருந்தால், நான்கு நான்காகப் பிரித்துக் கணக்குப் போட்டு, விடைகள் ஒத்துவருகின்றனவா என்று பார்க்கலாம். ஒத்துவராவிட்டால் ஏதோ ஒன்று பொய் சொல்கிறது என்று தெரியும். எது என்று தெரியாது. அதையும் கண்டுபிடித்து விலக்க ஆறு கோள்கள் வேண்டும். காற்றழுத்த ஆல்டிமீட்டரின் அளவைச் சேர்த்துக்கொண்டால் ஒரு கோள் குறைந்தாலும் சமாளிக்கலாம்.

கோள்கள் நகர்ந்துகொண்டே இருப்பதால், குறிப்பிட்ட இடத்தில் குறிப்பிட்ட நேரத்தில் இந்தச் சோதனை நடக்குமா என்பதை முன்கூட்டியே கணிக்க முடியும். மேகத்துக்குள் இந்தக் கருவியை நம்பிப் பறப்பதாக இருந்தால், புறப்படும் முன் அந்தக் கணிப்பைப் பார்ப்பது விமானியின் கடமை. நம் செல்போன் இப்படிப்பட்ட எந்த உத்தரவாதமும் தருவதில்லை. அதனால்தான் அதன் திரையில் எவ்வளவு அழகான படம் வந்தாலும் அது விமானக் கருவி ஆகாது.

மூன்று படிகள்

சிறிய விமானங்களில் உள்ள கருவிகளை மூன்று படிகளாகப் பிரித்துக்கொண்டால் புரிந்துகொள்வது எளிது.

முதல் படி, கையில் எடுத்துச்செல்லும் ஜி.பி.எஸ்., டேப்லட், அங்கீகாரமின்றிப் பொருத்திய கருவி ஆகியவை. இவை கண்ணால் தரையைப் பார்த்துப் பறக்கும்போது உதவிக்கு மட்டும். வரைபடம், திசைகாட்டி, கைக்கடிகாரம், கண் ஆகியவையே அங்கே முதன்மை.

இரண்டாம் படி, அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 1992-ல் வெளியிட்ட டி.எஸ்.ஓ. சி-129 என்ற தரத்துக்கு ஏற்ப அமைந்தவை. ரெய்ம் சோதனை உள்ளவை. மேகத்துக்குள் கருவிகளை மட்டும் நம்பிப் பறக்க இவற்றைப் பயன்படுத்தலாம், ஆனால் துணைக்கருவியாகத்தான். வேறொரு வழிகாட்டும் கருவியும் விமானத்தில் வேலை செய்யும் நிலையில் இருக்க வேண்டும். சேருமிடம், அது முடியாவிட்டால் போகும் மாற்று நிலையம் ஆகிய இரண்டிலும் ஜி.பி.எஸ். இறங்குமுறையையே நம்பித் திட்டமிடக் கூடாது. இந்தத் தரத்திலும் உட்பிரிவுகள் உண்டு. சில கருவிகள் வழிப்பயணத்துக்கும் நிலையத்தைச் சுற்றியுள்ள பகுதிக்கும் மட்டுமே அனுமதி பெற்றவை. ஓடுபாதையை நோக்கி இறங்க அனுமதி இல்லாதவை. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

மூன்றாம் படி, டி.எஸ்.ஓ. சி-145, சி-146 தரத்தில் அமைந்தவை. இவை திருத்தம் சொல்லும் கூடுதல் செயற்கைக்கோளின் அலையையும் வாங்குகின்றன. அந்த அலை கிடைக்கும் பகுதியில் பக்கவாட்டில் மட்டுமன்றி மேலிருந்து கீழிறங்கும் சரிவையும் காட்டவல்லவை.

எந்தப் படியானாலும் சில விதிகள் பொது. கருவிக்குள் இருக்கும் தகவல் தொகுப்பு 28 நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. கருவிகளை நம்பி இறங்கும்போது அது காலாவதி ஆகாததாக இருக்க வேண்டும். இறங்குமுறையை அந்தத் தொகுப்பிலிருந்தே எடுக்க வேண்டும்; விமானி தானாக எண்களை அழுத்தி ஒரு பாதையை உண்டாக்கிக்கொண்டு இறங்கக் கூடாது. ஓர் இலக்கம் மாறினால் ஓடுபாதை பக்கத்து வயலுக்குப் போய்விடும்! வரைபடக் கணக்கின் அடிப்படை டபிள்யூ.ஜி.எஸ்.-84 ஆக இருக்க வேண்டும். கருவியின் மென்பொருள் பதிப்பு கையேட்டில் சொன்னபடி இருக்க வேண்டும்.

ஊசி ஒன்று, அளவு மூன்று

பாதையிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறோம் என்பதை ஓர் ஊசி காட்டும். இரண்டாம் படிக் கருவியில், நெடுவழியில் ஊசி ஓரம் வரை சாய்ந்தால் பாதையிலிருந்து 5 கடல் மைல், அதாவது ஒன்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல், விலகல் என்று பொருள். நிலையத்துக்கு 30 கடல் மைலுக்குள் வந்ததும் அதே சாய்வுக்கு 1 கடல் மைல் என்று பொருள் மாறும். கடைசி இறக்கத்தில் 0.3 கடல் மைல், அதாவது சுமார் 550 மீட்டர்.

நாணயச் சோதனையின் எல்லையும் இப்படியே இறுகும்: நெடுவழியில் 2 கடல் மைல், நிலையப் பகுதியில் 1, இறக்கத்தில் 0.3. பிழை இந்த எல்லையை மீறக்கூடும் என்றால் கருவி எச்சரிக்க வேண்டும். இதனால் நடுவழியில் 'சரி' என்று சொன்ன கருவியே இறக்கத்தில் 'என்னால் முடியாது' என்று சொல்லக்கூடும். கருவி கெட்டுவிட்டது என்று அதற்குப் பொருளில்லை. அந்த நேரத்தில் இறங்காமல், வகுக்கப்பட்ட முறைப்படி மேலேறிப் போய் வேறு வழி பார்க்க வேண்டும். 'இதோ, ஓடுபாதை தெரிந்துவிடும்' என்று இன்னும் கொஞ்சம் கீழே போய்ப் பார்க்கும் ஆசைதான் ஆளைக் கெடுக்கும்.

உயரத்துக்கு ஆல்டிமீட்டர்தான்

செயற்கைக்கோள்கள் எல்லாம் நம் தலைக்கு மேலே இருக்கின்றன; காலுக்குக் கீழே ஒன்றும் கிடையாது. அதனால் ஜி.பி.எஸ். உயரத்தில் பிழை எப்போதும் கிடைமட்டப் பிழையைவிட அதிகம்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஜி.பி.எஸ். முதலில் கணக்கிடுவது கடல் மட்டத்திலிருந்து உள்ள உயரத்தை அல்ல. பூமியின் வடிவத்துக்குக் கணிதம் கொடுத்திருக்கும் ஒரு சீரான உருவத்திலிருந்து உள்ள உயரத்தை. பூமியின் ஈர்ப்பு எங்கும் ஒரே சீராக இல்லாததால் உண்மையான கடல் மட்டம் சில இடங்களில் அந்த உருவத்துக்கு மேலேயும் சில இடங்களில் கீழேயும் இருக்கிறது. உலகிலேயே மிக ஆழமான பள்ளம் நம் குமரிமுனைக்கும் இலங்கைக்கும் தெற்கே, இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது. அங்கே கடல் மட்டம் சுமார் 106 மீட்டர் தாழ்ந்திருக்கிறது. ரிசீவர் தனக்குள் இருக்கும் அட்டவணையைக் கொண்டு இதைத் திருத்திக்கொள்கிறது. திருத்தாத கருவியைத் தென்கோடிக் கடற்கரையில் வைத்தால், நாம் கடலுக்கடியில் நிற்பதாகவே அது சொல்லும்.

இதைவிட முக்கியமான காரணம், ஒரே வானில் பறக்கும் எல்லா விமானங்களும் காற்றழுத்த ஆல்டிமீட்டரை ஒரே கணக்கில் வைத்துத்தான் ஒன்றுக்கொன்று உயர இடைவெளி காக்கின்றன. ஒருவர் மட்டும் வேறு அளவுகோல் வைத்துக்கொண்டால் இடைவெளி குலையும். ஆகவே விமானியின் உயரம் ஆல்டிமீட்டர் காட்டும் உயரமே.

நம் வானத்தின் குணம்

செயற்கைக்கோளின் அலை அயனி மண்டலத்தைக் கடந்து வரும்போது சற்றுத் தாமதமாகிறது. இந்தத் தாமதம் இந்தியாவில் மற்ற பல நாடுகளைவிட அதிகமாகவும் ஒழுங்கில்லாமலும் இருக்கும். காரணம், பூமியின் காந்த நடுக்கோடு நம் தென்முனையை ஒட்டிப் போகிறது. அதை ஆராயத்தான் திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவில் 1963 நவம்பர் 21 அன்று நம் நாட்டின் முதல் ஆய்வு ராக்கெட் ஏவப்பட்டது. சூரியன் மறைந்த சில மணி நேரத்துக்கு இந்த மண்டலம் கொந்தளித்து, சில கோள்களின் அலை விட்டு விட்டு வருவதும் உண்டு.

இதைச் சமாளிக்க இஸ்ரோவும் இந்திய விமான நிலைய ஆணையமும் சேர்ந்து அமைத்ததே 'ககன்'. நாட்டின் 15 இடங்களில் உள்ள நிலையங்கள் ஜி.பி.எஸ். அலைகளைக் கவனித்துப் பிழையைக் கணக்கிடுகின்றன. அந்தத் திருத்தமும், 'இந்தக் கோளை நம்பாதே' என்ற எச்சரிக்கையும், ஜிசாட்-8, 10, 15 ஆகிய கோள்கள் மூலம் விமானத்துக்குப் போகின்றன. 2013 டிசம்பரில் நெடுவழிப் பயணத்துக்கும், 2015 ஏப்ரலில் சரிவு காட்டி இறங்குவதற்கும் சான்று கிடைத்தது. 2022 ஏப்ரல் 28 அன்று ராஜஸ்தானின் கிஷன்கர் நிலையத்தில் இண்டிகோவின் ஏ.டி.ஆர். 72 விமானம் ககன் துணையோடு இறங்கிக் காட்டியது. ஐ.எல்.எஸ். அமைக்கப் பணமில்லாத சிறிய நிலையங்களுக்கு இது பெரிய வரம்.

ஆனால் இந்த வரம் மூன்றாம் படிக் கருவிக்கே உரியது. பழைய ரிசீவர் உள்ள பயிற்சி விமானத்துக்கு ககன் வானத்தில் இருந்தும் பயனில்லை. இதை 'நாவிக்' அமைப்போடு குழப்பிக்கொள்ள வேண்டாம். நாவிக் நம் நாட்டின் தனிச் செயற்கைக்கோள் தொகுதி, ககன் ஜி.பி.எஸ்.ஸுக்குத் திருத்தம் சொல்லும் ஏற்பாடு.

அலையை மறைப்பதும் போலி அலையும்

இருபதாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து, வீட்டு மின்விளக்கு அளவு சக்தியில் புறப்படும் அலை இங்கே வந்து சேரும்போது மிக மெலிந்திருக்கும். பக்கத்தில் யாராவது உரக்கக் கத்தினால் கிசுகிசுப்பு காதில் விழாதல்லவா? அதுபோல ஒரு சிறிய ஒலிபரப்பி அதை அமுக்கிவிடும். இது 'ஜாமிங்'. இதைவிடக் கெட்டது 'ஸ்பூஃபிங்': உண்மையான அலையைப்போலப் போலி அலையை அனுப்பி, விமானம் வேறெங்கோ இருப்பதாக நம்பவைப்பது. எல்லாக் கோள்களும் ஒரே மாதிரி பொய் சொன்னால் ஒத்துப் பார்க்கும் ரெய்ம் சோதனையும் ஏமாறலாம். ஐந்து சாட்சிகளும் பேசி வைத்துக்கொண்டு வந்தால் நீதிபதி என்ன செய்வார்?

இது கற்பனை அல்ல. போர் நடக்கும் பகுதிகளை ஒட்டிப் பறக்கும் விமானங்கள் பல இதைச் சந்தித்திருக்கின்றன. நம் நாட்டின் டி.ஜி.சி.ஏ. 2023 நவம்பரில் இதற்கென்று ஓர் அறிவுரைச் சுற்றறிக்கை வெளியிட்டது. 2025 நவம்பரில் டெல்லி நிலையத்தை நெருங்கிய சில விமானங்களும் இதைச் சந்தித்தன. தரையிலுள்ள பழைய வானொலி வழிகாட்டிகளை முழுவதும் எடுத்துவிடாமல் வைத்திருப்பதன் அருமை இப்போது தெரிகிறது.

பெனல்லா சொல்லும் பாடம்

ஆஸ்திரேலியாவில் 2004 ஜூலை 28 அன்று, சிட்னிக்கு அருகிலுள்ள பேங்க்ஸ்டவுனிலிருந்து விக்டோரியா மாநிலத்தின் பெனல்லாவுக்கு இரட்டை எஞ்சின் பைப்பர் விமானம் ஒன்று புறப்பட்டது. விமானியையும் சேர்த்து ஆறு பேர். மேகம் சூழ்ந்த வானிலை. விமானம் நேர்பாதையிலிருந்து சில டிகிரி மட்டும் இடப்பக்கம் விலகிப் போய்க்கொண்டிருந்தது. தூரம் கூடக் கூட அந்தச் சிறு கோணம் பல கிலோமீட்டர் ஆகிவிட்டது. பெனல்லாவுக்கு இறங்குவதாக எண்ணி இறங்கிய விமானம், அங்கிருந்து சுமார் 34 கிலோமீட்டர் தென்கிழக்கே மலைச்சரிவில் மோதியது. ஆறு பேரும் இறந்தனர்.

விசாரணையில் ஆராயப்பட்ட விளக்கங்களுள் ஒன்று கவனிக்கத்தக்கது. போதிய கோள்கள் கிடைக்காதபோது சில ரிசீவர்கள் கடைசியாகத் தெரிந்த வேகம், திசை ஆகியவற்றைக் கொண்டு உத்தேசமாகக் கணக்குப் போட்டுக்கொண்டே போகும். திரையில் ஓர் எச்சரிக்கை வரும். ஆனால் எண்களும் ஊசியும் வழக்கம்போல் நகரும். எச்சரிக்கையைக் கவனிக்காதவருக்கு எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும். ரேடாரைக் கவனித்தவர்களுக்கும் பாதை விலகல் பற்றிய எச்சரிக்கை வந்திருந்தது. அது விமானிக்குச் சொல்லப்படவில்லை. வேறொரு கருவியோடு ஒருமுறை ஒப்பிட்டிருந்தால் விலகல் வெளிப்பட வாய்ப்பிருந்தது.

பிள்ளைகளிடம் கேட்க வேண்டியவை

பயிற்சிக்குப் போகும் பிள்ளையிடம் 'சாப்பிட்டாயா?' என்று கேட்பதோடு, அடுத்த முறை இவற்றையும் கேட்டுப் பாருங்கள்.

1. உன் விமானத்தில் இருக்கும் ஜி.பி.எஸ். எந்தப் படியைச் சேர்ந்தது? கையேட்டின் வரம்புகள் பகுதியைப் படித்தாயா?

2. தகவல் தொகுப்பின் 28 நாள் முடிந்துவிட்டதா?

3. ரெய்ம் எச்சரிக்கை வந்தால் திரையின் எந்த மூலையில், எந்த எழுத்தில் வரும்?

4. திரை அணைந்துவிட்டால் அந்த நொடியில் நீ எங்கே இருக்கிறாய் என்று வரைபடத்தில் விரல் வைத்துக் காட்ட முடியுமா?

5. ஒரே பயிற்சிப் பள்ளியின் இரண்டு விமானங்களில் ஒரே கருவிதானா, அல்லது வேறு வேறா?

ஐந்தாவது கேள்வி சாதாரணமாகத் தோன்றும். ஒரு விமானத்தில் பழகிய கை, அடுத்த விமானத்திலும் அதே பொத்தானைத் தேடும். அங்கே அது வேறு வேலை செய்யும்.

இதையெல்லாம் படித்துவிட்டு யாரும் பயப்பட வேண்டியதில்லை. விமானிக்குக் கிடைத்த கருவிகளில் ஜி.பி.எஸ். மிகச் சிறந்த ஒன்று. அது வந்த பிறகு வழி தவறும் விமானங்கள் வெகுவாகக் குறைந்திருக்கின்றன. கையேட்டில் உள்ள வரம்புகள், கருவியைப் பற்றி நன்கு அறிந்தவர்கள் சோதித்துப் பார்த்து எழுதியவை. நாலாவது கேள்விக்கு உங்கள் பிள்ளை தயங்காமல் பதில் சொன்னால் நிம்மதியாகத் தூங்கலாம். தயங்கினால், அடுத்த தடவை தனியாகப் பறப்பதற்கு முன் பயிற்சியாளரோடு உட்கார்ந்து வரைபடத்தை விரிக்கச் சொல்லுங்கள்.